யாருடைய ஒப்புதல்?: தனி ஊராட்சிகளும் அதிகாரத்தின் ஏற்புடைமையும்

ஒருவர் ஆணையிடுகிறார், மற்றவர் பணிகிறார் என்பது எல்லாச் சமூகங்களிலும் காணக்கூடிய நிகழ்வு. பணிபவர் எதனால் பணிகிறார் என்பது அதைவிடக் கடினமான கேள்வி. அச்சத்தால் பணியலாம், ஆதாயம் கருதிப் பணியலாம், வேறு வழியில்லாமலும் பணியலாம்; இவை எதுவும் இல்லாதபோதும், ஆணையிடுபவருக்கு அவ்வாறு ஆணையிடும் உரிமை உண்டு என்று மனதார ஒப்புக்கொண்டும் பணியலாம். இந்தக் கடைசி வகை ஒப்புதலின் மீது நிற்கும் அதிகாரத்தையே அரசியல் அறிவியல் ஏற்புடைமை பெற்ற அதிகாரம் என்று அழைக்கிறது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் இதற்கு மூன்று ஊற்றுகளைக் கண்டார். தொன்றுதொட்டு வருவதால் ஏற்கப்படும் மரபு, தலைவரின் அசாதாரணமான ஆளுமைக் கவர்ச்சி, எழுதப்பட்ட விதிகளின்படி பதவிக்கு வந்தவர் என்பதால் ஏற்கப்படும் சட்ட நெறி ஆகியவையே அவை. நவீன அரசு மூன்றாவது ஊற்றிலிருந்தே தன் வலிமையைப் பெறுகிறது என்பது அவரது கணிப்பு.

வெபரின் விளக்கத்தில் ஒரு குறை இருப்பதை அரசியல் கோட்பாட்டாளர் டேவிட் பீதம் 1991இல் வெளிவந்த தமது நூலில் சுட்டிக்காட்டினார். மக்கள் நம்புவதால் ஓர் அதிகாரம் ஏற்புடையதாகிறது என்று சொல்வது போதாது என்றும், அந்த அதிகாரம் விதிப்படி பெறப்பட்டதா, அந்த விதிகளை ஆள்பவரும் ஆளப்படுபவரும் பகிர்ந்துகொள்ளும் விழுமியங்களைக் கொண்டு நியாயப்படுத்த முடியுமா, ஆளப்படுபவர் தம் ஒப்புதலைச் செயலால் வெளிப்படுத்தியிருக்கிறார்களா என்ற மூன்று சோதனைகள் தேவை என்றும் அவர் வாதிட்டார். இன்று உலகெங்கும் நடத்தப்படும் கருத்தாய்வுகள் நாடாளுமன்றத்தின் மீதும் நீதிமன்றத்தின் மீதும் காவல்துறையின் மீதும் மக்களுக்குள்ள நம்பிக்கையை அளந்து, அதிலிருந்து ஆட்சியின் ஏற்புடைமையைக் கணிக்கின்றன. விளிம்புநிலை மக்களைப் பற்றிய ஆய்வும் பெரும்பாலும் இந்தத் திசையிலேயே நடக்கிறது. ஒதுக்கப்பட்டவர்கள் அரசை நம்புகிறார்களா, எந்த அளவுக்கு நம்புகிறார்கள், ஏன் நம்ப மறுக்கிறார்கள் என்பவையே அங்கு எழுப்பப்படும் கேள்விகள்.

இந்தக் கேள்விகள் தேவையானவையே; ஆயினும் இவற்றுக்கு அடியில் ஒரு முன்முடிவு இருக்கிறது. ஆள்பவர் மேலே இருக்கிறார், ஆளப்படுபவர் கீழே இருக்கிறார், ஒப்புதல் கீழிருந்து மேல்நோக்கிச் செல்கிறது என்பதே அது. படிநிலைப்படுத்தப்பட்ட ஒரு சமூகத்தில், சட்டம் ஒதுக்கப்பட்டவர் ஒருவரைப் பதவியில் அமர்த்தும்போது இந்த முன்முடிவு செயலற்றுப்போகிறது. அப்போது பதவியில் இருப்பவர் சமூகத்தில் கீழே வைக்கப்பட்டவராகவும், அவருடைய அதிகாரத்துக்கு உட்பட வேண்டியவர்கள் அவரை வழிவழியாக அடக்கியவர்களாகவும் இருக்கிறார்கள். அங்கே கேட்கப்பட வேண்டியது, ஒதுக்கப்பட்டவர் அரசை ஏற்கிறாரா என்பது மட்டுமன்று. ஒதுக்கப்பட்டவர் வழியாகச் செயல்படும் அரசை ஆதிக்கம் செலுத்துவோர் ஏற்கிறார்களா, அவர்கள் ஏற்க மறுக்கும்போது அரசு யாருடைய பக்கம் நிற்கிறது என்பதும் ஆகும். இந்தியாவில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித்தொகுதிகளின் வரலாறும், குறிப்பாகத் தலைவர் பதவி அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட தமிழ்நாட்டின் தனி ஊராட்சிகளின் வரலாறும் இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்புகின்றன.

அந்த வரலாற்றின் தொடக்கத்திலேயே, யாருடைய ஒப்புதல் ஒருவரைப் பிரதிநிதியாக்குகிறது என்ற வழக்கு இருந்தது. 1930இலும் 1931இலும் இலண்டனில் கூடிய வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும், பின்னாளில் பட்டியல் சாதியினர் எனப்பட்ட ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் பிரதிநிதிகளாகக் கலந்துகொண்டனர். அதன் தொடர்ச்சியாகப் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு 1932 ஆகஸ்டில் அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மாகாணச் சட்டமன்றங்களில் 71 இடங்களை ஒதுக்கியது. அந்த இடங்களுக்கான பிரதிநிதிகளை அவ்வகுப்பினர் மட்டுமே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள், பொதுத் தொகுதியிலும் அவர்களுக்கு வாக்குண்டு என்பதே இரட்டை வாக்குரிமை எனப்பட்ட ஏற்பாடு. இதை எதிர்த்துக் காந்தி எரவாடா சிறையில் செப்டம்பர் 20 அன்று உண்ணாநோன்பைத் தொடங்க, 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இடங்களின் எண்ணிக்கை 148 ஆக உயர்ந்தது. ஆனால் தனி வாக்காளர் தொகுதி கைவிடப்பட்டு, இறுதித் தேர்வு எல்லாச் சாதியினரும் வாக்களிக்கும் கூட்டு வாக்காளர் தொகுதியிடம் சென்றது. ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் முதல்நிலைத் தேர்தலில் நால்வரைத் தெரிவு செய்வார்கள், அவர்களுள் ஒருவரைப் பொது வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்ற இடைக்கால ஏற்பாடும் அதில் இருந்தது.

அம்முதல்நிலைத் தேர்தலில் ஒடுக்கப்பட்ட மக்கள் காட்டிய விருப்பமும் இறுதித் தேர்தலின் முடிவும் வேறுவேறாக அமைந்ததை அம்பேத்கர் 1946இல் வாதமாக முன்வைத்தார். குடியரசின் அரசியலமைப்பு முதல்நிலைத் தேர்தலைத் தொடரவில்லை; கூட்டு வாக்காளர் தொகுதியில் இட ஒதுக்கீடு என்ற வடிவமே 330, 332ஆம் உறுப்புகளில் நிலைபெற்றது. இந்த முறையிலேயே, அரசியலமைப்பின் வரைவுக்குழுத் தலைவரான அம்பேத்கர் 1952இல் வடக்கு பம்பாய்த் தொகுதியிலும் 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். பிற்காலத்தில் தலித் அரசியல் தலைவர் கன்ஷிராம், பூனா ஒப்பந்தத்தின் ஐம்பதாம் ஆண்டான 1982இல் வெளியிட்ட தமது நூலில், கூட்டு வாக்காளர் தொகுதி ஒடுக்கப்பட்டோரின் உண்மையான பிரதிநிதிகளை விலக்கிப் பிறருக்குக் கருவியாகும் பிரதிநிதிகளையே உருவாக்குகிறது என்று கடுமையாக வாதிட்டார்.

ஹன்னா பிட்கின் 1967இல் எழுதிய நூல் இந்த வழக்கைப் புரிந்துகொள்ள உதவும் ஒரு பாகுபாட்டைத் தந்தது. விதிப்படி தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்ற முறைசார் பிரதிநிதித்துவம், ஒரு பிரிவினரைப் போன்றே பிறந்தவர் என்ற ஒப்புமைப் பிரதிநிதித்துவம், ஒரு பிரிவின் குறியாக நிற்கும் குறியீட்டுப் பிரதிநிதித்துவம், அப்பிரிவின் நலனுக்காகச் செயல்படும் பொருள்சார் பிரதிநிதித்துவம் என்று அவர் நான்கைப் பிரித்துக் காட்டினார். தனித்தொகுதியில் வெற்றி பெறுபவர் பட்டியல் சாதியினர் என்பதால் ஒப்புமை உறுதியாகிறது. எனினும் பெரும்பாலான தனித்தொகுதிகளில் பட்டியல் சாதியினர் சிறுபான்மையினராகவே இருப்பதால், வெற்றியைத் தீர்மானிப்பவை பிறருடைய வாக்குகள். ஆகவே சட்டமன்ற, நாடாளுமன்ற மட்டத்தில் ஆதிக்க சாதிகளின் ஒப்புதல் வாக்குப்பெட்டிக்குள்ளேயே முன்கூட்டிப் பெறப்பட்டுவிடுகிறது. அங்கு அதிகாரத்தின் ஏற்புடைமை பெரிதாகச் சோதிக்கப்படவில்லை. சோதனை வேறோர் இடத்தில் நிகழ்ந்தது.

அந்த இடம் ஊராட்சி. 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சிகளின் உறுப்பினர் இடங்களை மட்டுமின்றித் தலைவர் பதவிகளையும் மக்கள்தொகை விகிதத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கியது. மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் நிறைவேறியது. அதன்படியான முதல் தேர்தல் 1996இல் நடந்தது. சட்டமன்ற உறுப்பினர் தொலைவில் இருக்கும் தலைநகரில் அமர்ந்து சட்டம் செய்பவர். ஊராட்சித் தலைவரோ ஊருக்கு நடுவிலிருக்கும் கட்டடத்தில் அமர்ந்து, கண்மாயின் மீன்பாசி ஏலத்தையும் மர ஏலத்தையும் முடிவு செய்து, தெருவிளக்கு எந்தத் தெருவில் எரிய வேண்டும், குடிநீர்க் குழாய் எந்தத் தெருவரை போக வேண்டும் என்று தீர்மானிப்பவர். பல ஊர்களில் கோயில் திருவிழாவின் முதல் மரியாதையும் ஊர்த்தலைமையோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் நிலவியலில், சேரியிலிருந்து வந்த ஒருவர் ஊரின் பொதுச்சொத்துக்கு முடிவு சொல்வது என்பது மரபு என்ற ஊற்றையும் சட்டம் என்ற ஊற்றையும் ஒரே இடத்தில் நேருக்கு நேர் நிறுத்தியது.

மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியைச் சேர்ந்த மேலவளவு ஊராட்சியில் இந்த மோதல் கொலையில் முடிந்தது. தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதை ஆதிக்க சாதியினர் எதிர்த்தனர். வேட்புமனு செய்தவர்கள் மிரட்டப்பட்டு விலகினர். வாக்குப்பதிவு வன்முறையால் தடைபட்டது. இறுதியில் காவல்துறைப் பாதுகாப்புடன் நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். ஆனால் ஊராட்சி அலுவலகத்துக்குள் சென்று பணியாற்ற அவரால் இயலவில்லை. 1997 ஜூன் 30 அன்று, மதுரையில் மாவட்ட நிர்வாகத்திடம் முறையிட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தபோது அவரும் உடன் வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டனர். வழக்கில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் அவர்களுள் 13 பேரை மாநில அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது.

அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளிலும், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தலிலும் எதிர்ப்பு வேறு வடிவம் எடுத்தது. அங்கு முதலில் எவரும் வேட்புமனு செய்ய விடப்படவில்லை. பின்னர் ஊரே ஒருவரைத் தேர்ந்து நிறுத்தி வெற்றிபெறச் செய்து, பதவியேற்ற உடனே அவரைப் பதவி விலகச் செய்யும் முறை வந்தது. தேர்தல் அறிவிக்கப்படுவதும் முடங்குவதும் மீண்டும் அறிவிக்கப்படுவதுமாக 1996 முதல் 2006 வரை பத்து ஆண்டுகள் கழிந்தன. 2006 உள்ளாட்சித் தேர்தலின்போது அரசின் உறுதியும், அன்றைய மதுரை மாவட்ட ஆட்சியர் உதயச்சந்திரன் ஊர் மக்களோடு திரும்பத் திரும்ப நடத்திய பேச்சும், தலித் இயக்கங்களும் இடதுசாரி அமைப்புகளும் பல ஆண்டுகளாகத் தந்துவந்த அழுத்தமும் சேர்ந்து, அங்கு தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் பதவியில் நீடிக்க வழிசெய்தன.

இந்தப் பத்தாண்டுகளை ஏற்புடைமைக் கோட்பாட்டின் ஒளியில் வைத்துப் பார்க்க வேண்டும். பீதமின் முதல் சோதனையான விதிப்படி பெறுதல் நிறைவேற ஒரு தடையும் சட்டத்தில் இல்லை. இரண்டாவது சோதனையான பகிரப்பட்ட விழுமியத்தைப் பொறுத்தவரை, தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு நாட்டின் அறிவிக்கப்பட்ட விழுமியமாக இருந்தது. மூன்றாவதான ஒப்புதலைச் சேரியின் மக்கள் தர முன்வந்திருந்தனர். ஆயினும் ஊராட்சி அமையவில்லை. எஞ்சியிருந்த ஒரே குறை, ஆதிக்கம் செலுத்துவோரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்பதே. அரசு அந்த ஒப்புதலுக்காகப் பத்தாண்டுகள் காத்திருந்தது. அவ்வாறு காத்திருந்ததன் மூலம், எழுதப்பட்ட சட்டத்தைவிட எழுதப்படாத மரபின் ஆணைக்கே மிகுந்த எடை உண்டு என்பதை நடைமுறையில் ஒத்துக்கொண்டது. நூற்றாண்டுகளாக அந்த ஊர்களின் மரபான தலைமையைச் சேரியின் மக்கள் அச்சத்தால் மட்டுமே சகித்துவந்தார்கள் என்பது எந்த அரசுக்கும் ஏற்புடைமை நெருக்கடியாகத் தெரிந்ததில்லை. ஆதிக்க சாதியினர் ஒரு தலைவரை ஏற்க மறுத்ததோ உடனடியாகச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாக, சுமுகச் சூழல் இல்லாத நிலையாக, தேர்தலையே ஒத்திவைக்கத்தக்க காரணமாக மாறியது. இருவேறு மறுப்புகளுக்கு இருவேறு எடை தரப்பட்டது என்பதே இதன் பொருள். ஓர் ஆட்சி யாருடைய மறுப்பைக் கண்டு அஞ்சுகிறதோ, அவர்களுடைய ஒப்புதலின் மீதே அது நிற்கிறது.

பதவியை அடைந்த பிறகும் இந்தச் சமனின்மை தொடர்கிறது என்பதை ஊராட்சியின் அன்றாட நடைமுறை காட்டுகிறது. தமிழ்நாட்டில் ஊராட்சிக் கணக்கின் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவரை வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தமக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தப் பதவிக்கு ஒதுக்கீடும் இல்லை. ஆகவே தனி ஊராட்சியில் ஆதிக்க சாதியைச் சேர்ந்தவர் துணைத்தலைவராகி, கையெழுத்தை மறுப்பதன் மூலமே தலைவரைச் செயலற்றவராக்க முடிகிறது. சட்டத்தின் ஒரு பிரிவு தந்த அதிகாரத்தைச் சட்டத்தின் இன்னொரு பிரிவு தடுக்க இடமளிக்கிறது. தடுப்பவர் எந்த விதியையும் மீறியவராக மாட்டார். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலைவரான பட்டியல் சாதிப் பெண் ஒருவர், மற்றவர்கள் நாற்காலிகளில் அமர்ந்திருந்த கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படம் வெளியாகி நாடு முழுவதும் அதிர்ச்சியை உண்டாக்கியது. 2022இல் சுதந்திர நாளையொட்டி, பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்கள் தடையின்றித் தேசியக் கொடியை ஏற்றுவதை உறுதிசெய்யுமாறு தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் கொடியேற்றுவதற்குத் தனி ஆணை தேவைப்படும் இடத்தில் தேர்தல் முடிந்துவிட்டது, ஆனால் ஏற்பு இன்னும் நிகழவில்லை.

தெற்குத்திட்டை நிகழ்வு இன்னொன்றையும் புரிய வைக்கிறது. கிம்பர்லே கிரென்ஷா 1989இல் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் வழக்குகளை ஆராய்ந்து, இனப் பாகுபாட்டையும் பாலினப் பாகுபாட்டையும் தனித்தனியே அளக்கும் சட்டம் இரண்டும் குறுக்கிடும் இடத்தில் நிற்பவரைக் காணத் தவறுகிறது என்று காட்டினார். தமிழ்நாட்டில் ஊரக உள்ளாட்சிப் பதவிகளில் சரிபாதி பெண்களுக்கு என்று சட்டம் திருத்தப்பட்ட பின்னர், தனி ஊராட்சிகளின் தலைவர்களில் பெருந்தொகையினர் பட்டியல் சாதிப் பெண்களாக இருந்துவந்திருக்கிறார்கள். சாதியால் மறுக்கப்படும் நாற்காலி, பெண் என்பதால் வீட்டுக்குள்ளும் மறுக்கப்படுகிறது. பெயரளவில் மனைவி தலைவராக, கணவரோ அவர் வேலை செய்யும் நிலத்தின் உடைமையாளரோ முடிவெடுப்பது பல இடங்களில் நடக்கிறது. இவர்களைப் பட்டியல் சாதியினர் என்ற வரிசையிலோ பெண்கள் என்ற வரிசையிலோ மட்டும் சேர்த்து எண்ணும் ஆய்வு, அவர்களுடைய அதிகாரம் எங்கே நின்றுபோகிறது என்பதைக் கண்டுபிடிக்க முடியாது.

இட ஒதுக்கீடு என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பதைக் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் அரசியல் அறிவியலும் பொருளியலும் மிகுந்த உழைப்போடு அளந்திருக்கின்றன. இந்திய ஊராட்சிகளில் ஒதுக்கீடு சுழற்சி முறையில் வருவதால், மற்ற எல்லா வகையிலும் ஒத்திருக்கும் இரண்டு ஊர்களில் ஒன்று தனி ஊராட்சியாகவும் மற்றது பொது ஊராட்சியாகவும் இருக்கும் நிலை தானே உருவாகிறது. ஆய்வாளர்களுக்கு இது ஓர் இயற்கையான சோதனைக்கூடம். ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டஃப்லோவும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் பெண் தலைவர்கள் பெண்கள் கோரும் குடிநீர் போன்ற பணிகளுக்குக் கூடுதலாகச் செலவிட்டதைக் காட்டியது. ரோகிணி பாண்டேயின் 2003ஆம் ஆண்டு ஆய்வு, சட்டமன்ற ஒதுக்கீடு அப்பிரிவினருக்கான திட்டங்களின் மீது செல்வாக்குச் செலுத்தியதை நிறுவியது. தாட் டன்னிங்கும் ஜான்ஹவி நிலேகனியும் 2013இல், கர்நாடகம், ராஜஸ்தான், பீகார் ஊராட்சிகளில் ஒதுக்கீட்டால் நலன்களின் பங்கீடு பெரிதாக மாறவில்லை, கட்சி உறவுகள் சாதி எல்லைகளைக் கடந்து செல்கின்றன என்று கண்டனர். பிரான்செஸ்கா ஜென்செனியஸ் 2017இல் வெளியிட்ட நூல், முப்பதாண்டுக் காலத்தில் தனித்தொகுதிகளுக்கும் பொதுத் தொகுதிகளுக்கும் இடையே வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏற்படவில்லை என்று காட்டியது.

இந்த ஆய்வுகள் மதிப்புள்ளவை. ஆயினும் இவற்றில் பெரும்பாலானவை ஒதுக்கீட்டை அதன் விளைபயனால் எடைபோடுகின்றன: எத்தனை கிணறுகள், எவ்வளவு சாலை, எத்தனை வீடுகள். பொதுத் தொகுதியில் வெற்றிபெற்ற ஆதிக்க சாதி உறுப்பினரின் பதவிக்கு நியாயம் உண்டா என்பதைத் தீர்மானிக்க எவரும் அவர் போட்ட சாலையை அளப்பதில்லை. அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதே போதுமானதாகிறது. ஒதுக்கப்பட்டவர் மட்டும் தம் பதவியைப் பயனால் நியாயப்படுத்த வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, ஆய்வின் வடிவத்துக்குள்ளேயே சமனின்மையைப் புகுத்திவிடுகிறது.

சிமோன் ஷோஷார் 2017இல் வெளியிட்ட நூல் இதிலிருந்து விலகி வேறொன்றைத் தேடியது. ராஜஸ்தானின் சிற்றூர்களில், அண்டை அயலார் கேட்க முடியாதபடி, சிறு ஒலிக்கருவியின் வழியே கேள்விகளைக் காதில் கேட்டு மக்கள் தாமாகவே விடையைக் குறிக்கும் முறையை அவர் கையாண்டார். ஊரார் முன்னிலையில் கேட்கப்படும் கேள்விக்கு வரும் விடை, ஊராருக்காகச் சொல்லப்படும் விடையாகவே இருக்கும் என்பதை உணர்ந்த முறை அது. பட்டியல் சாதித் தலைவர் பதவியில் இருந்த ஊர்களிலும் ஆதிக்க சாதியினரின் மனத்திலிருந்த இழிவான எண்ணங்கள் மாறவில்லை என்பது அவரது முதல் கண்டுபிடிப்பு. ஆனால் எதைச் செய்தால் சட்டமும் ஊரும் பொறுத்துக்கொள்ளும் என்பது பற்றிய அவர்களது கணக்கு மாறியிருந்தது. வெளிப்படையாக இழிவுபடுத்தும் துணிவு குறைந்திருந்தது. மனம் மாறாமலே நடத்தை மாறக்கூடும் என்ற இந்த முடிவுக்கு ஏற்புடைமைக் கோட்பாட்டில் பெரிய இடம் உண்டு. வெபரின் வழியில் வந்தவர்கள் நம்பிக்கை முதலில், பணிதல் பின்பு என்று கருதினர். ஆனால் சாதிச் சமூகத்தில் சட்டத்தின் பின்பலத்தோடு ஒருவர் நாற்காலியில் தொடர்ந்து அமர்ந்திருப்பதே, காலப்போக்கில் அவர் அங்கு அமர்வதை இயல்பாக்குகிறது. ஆதிக்க சாதியினரின் மனமாற்றத்துக்காக அரசு காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம். பாப்பாபட்டியில் பத்தாண்டுகளை வீணாக்கிய காத்திருப்புக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இருக்க முடியாது.

ஒதுக்கப்பட்டவரின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது நாற்காலிக்கு மற்றொரு பொருளும் உண்டு. ஜேன் மான்ஸ்பிரிட்ஜ் 1999இல் எழுதிய கட்டுரையில், ஒரு பிரிவினர் ஆளத் தகுதியற்றவர் என்று வரலாற்றில் கருதப்பட்டிருந்தால், அப்பிரிவைச் சேர்ந்தவர்கள் ஆட்சிமன்றங்களில் இருப்பது அந்த இழிவைத் துடைக்கிறது என்றும், அப்பிரிவினரின் கண்ணில் ஆட்சியமைப்பின் ஏற்புடைமையை உயர்த்துகிறது என்றும் வாதிட்டார். இந்தியாவில் 1990களின் தேர்தல் ஆய்வுகளைக் கொண்டு யோகேந்திர யாதவ் காட்டியதுபோல, ஏழைகளும் தலித்துகளும் வசதிபடைத்தோருக்கு இணையாகவோ கூடுதலாகவோ வாக்களிக்கிறார்கள். மேற்கத்திய நாடுகளில் காணப்படும் போக்குக்கு இது நேர்மாறானது. இந்த ஆர்வத்தை ஆட்சியின் மீதான நம்பிக்கையாக மட்டும் படிப்பது தவறு. வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் ஒரே மை, ஒரே வாக்கு என்ற சமத்துவம் அன்று ஒருநாள் நிலவுகிறது. வாக்களிப்பவர் அரசை ஏற்பதோடு, தம்மை அரசு ஏற்க வேண்டும் என்றும் கோருகிறார். அரசியலில் சமத்துவமும் சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமத்துவமின்மையும் ஒன்றாக நிலவும் முரண் நீண்டநாள் தாங்காது என்று அம்பேத்கர் 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தது இந்தக் கோரிக்கை நிறைவேறாத நிலையைப் பற்றியே.

அடையாளம் என்பதும் ஆய்வாளர் கருதுவதுபோல உறுதியான அலகு அன்று. பட்டியல் சாதி என்ற நிர்வாக வகைமைக்குள் வெவ்வேறு வரலாறும் வெவ்வேறு அளவு வாய்ப்பும் கொண்ட பல சாதிகள் அடங்கியுள்ளன. அருந்ததியருக்குத் தமிழ்நாடு 2009இல் அளித்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு இந்த வேறுபாட்டை ஏற்றது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஏழு உட்பிரிவுகள் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரில் 2021இல் தொகுக்கப்பட்டன. பட்டியலிலிருந்தே வெளியேற வேண்டும் என்ற குரலும் அச்சமூகத்துக்குள் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையும் அதன் திருத்தங்களும் இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தினரை மட்டுமே பட்டியலில் சேர்ப்பதால், சேரியிலேயே வாழும் தலித் கிறித்தவர் தனி ஊராட்சியில் போட்டியிட முடியாது. அயோத்திதாசப் பண்டிதர் காலத்திலிருந்தே தம்மை எந்தப் பெயரால் அரசு எண்ண வேண்டும் என்ற போராட்டத்தை ஒடுக்கப்பட்ட மக்கள் நடத்திவருகிறார்கள். அரசு வகுத்த வகைமையை அப்படியே ஆய்வின் மாறியாக எடுத்துக்கொள்ளும் ஆய்வாளர், இந்தப் போராட்டம் நடக்கவே இல்லை என்பதுபோல எழுதிவிடுகிறார்.

ஆய்வுத்துறையின் சொந்த ஏற்புடைமையும் இங்கு கேள்விக்கு உள்ளாகிறது. இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு வகுப்பவர் ஒரு பிரிவினராகவும் தரவு திரட்டுபவர் அல்லது தரவாக ஆக்கப்படுபவர் வேறொரு பிரிவினராகவும் பிரிந்திருப்பதைக் கோபால் குரு 2002இல் சுட்டிக்காட்டினார்; 2012இல் சுந்தர் சருக்கையுடன் இணைந்து எழுதிய நூலில் அனுபவத்துக்கும் கோட்பாட்டுக்கும் உள்ள உறவை அவர் விரிவாக விவாதித்தார். மேலவளவையும் பாப்பாபட்டியையும் பற்றிய எழுத்துகளில் ஊராட்சித் தலைவர்கள் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்களாகவே தோன்றுகிறார்கள். ஆட்சி என்றால் என்ன, பணிய மறுக்கும் ஊரை ஒருவர் எப்படி நிர்வகிக்கிறார், கையெழுத்திட மறுக்கும் துணைத்தலைவரை எப்படிக் கையாள்கிறார், எப்போது வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போகிறார், எப்போது பொறுத்துக்கொள்கிறார் என்பவற்றைப் பற்றி அவர்களிடம் உருவாகியிருக்கும் அறிவு அரசியல் அறிவாகவே கருதப்படுவதில்லை. ஏற்பு மறுக்கப்பட்ட அதிகாரத்தை நடத்திப் பார்த்தவர்களைவிட ஏற்புடைமையைப் பற்றி நன்கறிந்தவர் எவர்?

1996இல் முதன்முதலாகத் தனி ஊராட்சிகளின் தலைவர்களானவர்களில் பலர் இன்று முதுமையை எட்டிவிட்டார்கள். அவர்களுடைய நினைவுகளும், அவர்கள் எழுதிய முறையீடுகளும், மாவட்ட அலுவலகங்களில் தேங்கியிருக்கும் கோப்புகளும், கிராம சபைத் தீர்மானப் புத்தகங்களும் இன்னும் முறையாகத் தொகுக்கப்படவில்லை. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் அரசியல் அறிவியல் துறைகள் இதைத் தம் முதல் கடமையாக ஏற்க வேண்டும். அந்த ஆய்வைச் செய்பவர்களில் அந்தச் சேரிகளின் பிள்ளைகள் இருக்க வேண்டும். அரசும் காசோலை விதியைத் திருத்தி, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரின் முடிவைத் துணைத்தலைவரின் மறுப்பு முடக்கிவிடாதபடி செய்ய வேண்டும். ஓர் ஆட்சி ஏற்புடையதா என்பதை அதனால் நன்மையடைந்தவர்களிடம் கேட்டு அறிய முடியாது. அந்த ஆட்சியின் பெயரால் பதவியேற்று, அந்தப் பதவியின் நாற்காலியில் அமர முடியாமல் நிற்பவரிடம்தான் அதைக் கேட்க வேண்டும்.